வசனம்: இசக்கியம்மாள்

மார்ச் 4, திங்கள்

இந்த நோட்டை வாங்கியது ஒரே ஒரு காரியத்துக்காக. ஜெகவீரன் என்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். எனக்கு மறதி அதிகம். அந்த ஆள் சாயங்காலம் ஒரு தடவை சிரித்துப் பேசிவிட்டால் காலையில் சொன்னது மறந்துபோகும். இனிமேல் மறக்கக் கூடாது.

இன்றைக்கு சேனலிலிருந்து வைஷாலி மேடம் சாலிகிராமம் ஆபீசுக்கு வந்திருந்தார். கதைப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "இவங்க யாரு சார்?" என்று கேட்டார்.

"படி எடுக்கிற பொண்ணு. எழுத்து அழகா இருக்கும், அதான் வெச்சிருக்கேன். வாயைத் தொறந்தா கதை செத்துரும்" என்றார் ஜெகவீரன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் தாங்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக அவர் பெயரில் வரும் சீரியல் வசனம் அத்தனையும் நான் எழுதுவது. ஒவ்வொரு தாளின் தலையிலும் பிள்ளையார் சுழியும் காட்சி எண்ணும் மட்டும் அவர் கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக யூனிட் முழுக்க நம்புகிறது. பொண்ணாம். எனக்கு வயது நாற்பத்தொன்று.

வாயைத் திறந்தால் செத்துப்போகும் என்றது பொய் இல்லை. இந்தத் தொழிலில் கதையை எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். எதிரில் உட்கார்ந்து நடித்துச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தயாரிப்பாளரிடம் நானும் போனேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒரு வீடு" என்று மூன்று தடவை சொன்னேன். வீட்டுக்குள் போகவே இல்லை. ஜெகவீரன் அன்றைக்குத்தான் என் தோளில் தட்டி, "உனக்கு என் நிழல்தாம்மா சரி" என்றார். அப்போது அது ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மார்ச் 7, வியாழன்

இன்று, என் பெயரையும் டைட்டிலில் சின்னதாகப் போடலாமா என்று கேட்டதற்கு: "இசக்கியம்மாள்னு போட்டா ஜனங்க சீரியல்னு நினைக்காது. பேய்ப்படம்னு சேனலை மாத்திரும்."

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

மார்ச் 13, புதன்

'நடுவீட்டு நாச்சியார்' சீரியலில் புது வில்லன் வேண்டும் என்கிறது சேனல். மாமனார் சபாபதி என்று ஒருவரை உண்டாக்கியிருக்கிறேன். சங்கத் தலைவர். அவருடைய மேடைப் பேச்சையெல்லாம் மருமகள் நாச்சியார்தான் எழுதிக் கொடுக்கிறாள். ஊருக்கு அது தெரியாது.

என் பெயரை மறுபடியும் கேட்டேன். ஒரு தடவை கேட்டவளுக்கு இரண்டாம் தடவை கேட்க வராதா? "நிழல் குடுத்தது என் தப்பா? பூக்காதது உன் தப்பு" என்றார். சொல்லிவிட்டு வடையைக் கடித்தார்.

அதை அப்படியே சபாபதி வாயில் போட்டேன். எழுத்துக்கு எழுத்து. தாளை நீட்டினேன். படிக்கவில்லை. பிள்ளையார் சுழி போட்டார், 'காட்சி 9' என்று எழுதினார், கொடுத்தனுப்பு என்றார். அவர் சொன்னதை அவரே அங்கீகரித்து அனுப்பியாகிவிட்டது. வருகிற வழியில் பஸ்ஸில் எனக்குத் தானாகச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தார்.

மார்ச் 28, வியாழன்

ஒளிபரப்பானது. சபாபதியாக நடிக்கும் வரதன் அண்ணன் வெற்றிலை மெல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். இவர், அதாவது என் வீட்டுக்காரர், டிபன் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ இசக்கி, இந்த ஆள எங்கயோ பாத்த மாரி இருக்கே."

"நடிகர்தானே, பாத்திருப்பீங்க."

"மூஞ்சிய சொல்லல. பேச்ச சொல்லுதேன்."

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவர். ஒரு துளியை வைத்து நோயைச் சொல்லிவிடுவார். நான் எழுந்துபோய் தோசைக்கல்லைத் தேய்த்தேன். காலையில் ஏற்கெனவே தேய்த்த கல்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சபாபதி பிரபலமாகிவிட்டான். 'பூக்காதது உன் தப்பு' என்று எங்கே பார்த்தாலும் மீம்ஸ். மாமியார்களெல்லாம் ஃபார்வர்டு செய்கிறார்களாம். ஜனங்கள் அவனைக் காறித் துப்புகிறார்கள், ஆனால் ஏழரை மணிக்கு டிவி முன்னால் தவறாமல் உட்கார்கிறார்கள். பெண்கள் திட்டும் கமெண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். 'இவன் வாயில புழு வைக்க' என்று தேனியிலிருந்து ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்கலாம்.

ஆபீசில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவரும்தான். தன் குரல் தனக்குத் தெரியாத மனுஷன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஒரு பத்திரிகை நடத்திய சின்னத்திரை விருது விழா. சிறந்த வசனம்: ஜெகவீரன், 'நடுவீட்டு நாச்சியார்'.

பட்டு வேட்டி கட்டி மேடையேறி அந்த வரியைத் தானே சொல்லிக் காட்டினார். கைதட்டல் அடங்கவில்லை. திருவண்ணாமலையில் கிரிவலம் போகும்போது, ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் அந்த வரி தோன்றியதாம். வடை தின்றுகொண்டே சொன்னது! அதோடு விட்டாரா? "சபாபதி பத்து வருஷமா எனக்குள்ள இருந்தவன்" என்றார். அது ஒன்றுதான் அவர் அன்றைக்குச் சொன்ன உண்மை.

நான் கடைசி வரிசையில் அவருடைய சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அசிங்கப்படுத்தப் போனேன், கிரீடம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மூக்கு ஒழுகியது. ஏசி அதிகம் அந்த மண்டபத்தில்.

ஏப்ரல் 22, திங்கள்

"நீயே ஒரு கதைய கொண்டு போயி சேனல்ல சொல்லேன்" என்றார் இவர்.

"எனக்குக் கதை கிடையாது."

"கல்யாண மண்டபம் சொர்ணம் யாரு? காலைல குக்கர்கிட்ட சொல்லிட்டு இருந்தியே."

எனக்குச் சுள்ளென்று வந்தது. குக்கர் விசில் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று ஏதோ முணுமுணுப்பேன். பொழுதுபோக்கு, அவ்வளவுதான். சொர்ணம் ஒரு மண்டபத்தின் மேனேஜர். ஒவ்வொரு முகூர்த்தத்திலும் ஒரு குடும்பத்தின் உள்ளே நடப்பது அவள் கண்ணில் படும். முப்பத்தேழு முகூர்த்தத்துக்கு முழுக்கதை இருக்கிறது. அதற்காக அதைக் கதை என்று சொல்லிவிட முடியுமா?

எனக்கு இப்போது கதை முக்கியமில்லை. அவர் தலை குனிவதை நான் பார்க்க வேண்டும். அது போதும்.

மே 14, செவ்வாய்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

நாச்சியாரின் முன்னூறாவது எபிசோடு. வளசரவாக்கம் ஷூட்டிங் வீட்டில் மாலை, கேக், பிரியாணி. ஜெகவீரன் வந்திருந்தார். வைஷாலி மேடமும் வந்து மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சபாபதி சபையில் வைத்து மருமகளை அவமானப்படுத்தும் காட்சி. நான் தாள்களைக் கொடுக்கப் போனவள்.

எங்கள் சீரியல் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஓர் உதவி இயக்குநர் நின்று ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பார். அதைக் காதில் வாங்கி நடிகர் பேசுவார். அதற்குப் பெயர் பிராம்ப்டிங். எங்கள் யூனிட்டில் அது தாமோதரன் வேலை. இன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.

"மேடம், உங்க கையெழுத்துதானே, நீங்களே படிச்சிருங்க" என்று இயக்குநர் தாளை என் கையில் திணித்துவிட்டார்.

முடியாது என்று சொல்லவும் குரல் வேண்டுமே! கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதல் வரி உடைந்து வந்தது. வரதன் அண்ணன், "கேக்கலம்மா" என்றார். தாளைப் பார்த்தேன். மார்ச் நாலாம் தேதி வரி.

"கையெழுத்து அழகா இருக்கும், அதான் வீட்ல வெச்சிருக்கேன். வாயைத் தொறந்தா குடும்பம் செத்துரும்."

வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வீடு முழுக்கக் கேட்டது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவரைப் போலவே மூக்கால் ஒரு சிரிப்பும் சிரித்திருக்கிறேன். லைட்மேன் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். மேக்கப் அக்கா ஜெகவீரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். வரதன் அண்ணன் வசனம் சொல்வதையே நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. பக்கம் முடியும்வரை படித்தேன்.

கட் சொல்லவே இயக்குநருக்கு நேரம் பிடித்தது. அப்போது ஜெகவீரன் எழுந்து கைதட்டினார்.

"பாத்தீங்களா மேடம்? நான் எழுதினதுலயே இதான் பெஸ்ட்."

சத்தியமாக, அவருக்குப் புரியவே இல்லை. யூனிட் முழுக்கப் புரிந்தது, அவருக்கு மட்டும் புரியவில்லை. இரண்டு மாதம் நான் வைத்த நெருப்பில் அந்த ஆள் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க எழுதல சார்" என்றேன். "நீங்க சொன்னீங்க. நான் எழுதினேன்."

"என்னம்மா?"

"மார்ச் நாலாம் தேதி இந்த மேடம் முன்னால சொன்னீங்க. ஏழாம் தேதி என் பேரைச் சொல்லிச் சிரிச்சீங்க. பூக்காதது உன் தப்புன்னு சொன்னது பதிமூணாம் தேதி, வடை சாப்பிடும்போது. பன்னெண்டு வருஷமா உங்க பேர்ல வந்த அத்தனையும் நான் எழுதினது."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். இந்த ஜென்மத்துக்கு அது போதும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்கூடப் போதவில்லை. "படி எடுக்கிற பொண்ணுக்கு எழுத்தாளர் ஆசை வந்திருச்சு, வெயில் ஜாஸ்தி" என்று சிரித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வைஷாலி மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிரியாணி சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மே 15, புதன்

வேலை இல்லை. துணி ஊறப்போட்டேன்.

மே 27, திங்கள்

'இனி எந்தக் கம்பெனிப் படியும் ஏற முடியாதபடி செய்கிறேன்' என்று ஜெகவீரன் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் பயந்து வெளியே போகாமல் கிடந்தேன். மூன்றாம் நாள், இப்போது வேறு ஆள் எழுதும் நாச்சியாரைப் போட்டுப் பார்த்தேன். சபாபதி "அடியே, உன்னை விடமாட்டேன்டி" என்று கத்திக்கொண்டிருந்தான். ஒரே காட்சியில் நாலு தடவை விடமாட்டேன் என்றான். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கிண்ணம் வேர்க்கடலை முழுவதையும் தின்று தீர்த்தேன்.

சாயங்காலம் வைஷாலி மேடம் பேசினார். "உங்ககிட்ட சொந்தக் கதை இருக்கா? அடுத்த வாரம் வந்து சொல்றீங்களா?"

சரி என்று சொல்லிவிட்டு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட ஊத்தப்பம் சரியில்லை.

ஜூன் 6, வியாழன்

சேனல் ஆபீஸ், கண்ணாடி அறை. எதிரில் மேடம், இன்னும் இரண்டு பேர். "ஒரு மண்டபம்" என்றேன். "ஒரு மண்டபம்" என்றேன். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அதே கதை. ஒரு ஆள் கைபேசியைத் திருப்பி மணி பார்த்தார். ஜெகவீரன் சொன்னதுதான் சரி, எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன்.

பையை எடுக்க எழுந்ததில் ஒன்று புரிந்தது. அன்றைக்கு வளசரவாக்கத்தில் யாரும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. நான் ஓரத்தில் நின்றேன்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நான் உங்க பின்னால நின்னு சொல்லலாமா?"

"பின்னாலயா?"

"பிராம்ப்ட் பண்ற மாதிரி."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேடம் தோளைக் குலுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் அவர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்று வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். அங்கே சொர்ணம் சாவிக்கொத்தோடு வந்தாள். அவள் பேச வேண்டியதைப் பேசினேன். மாப்பிள்ளை வீட்டார் பேசினார்கள். சமையல்காரர் சண்டைக்கு வந்தார். நாலாவது முகூர்த்தத்தில் பெண் ஓடிப்போகிற இடத்தில் மேடம் நாற்காலியைத் திருப்பினார். மற்ற இருவரும் திருப்பினார்கள். மூன்று முகமும் எனக்கு எதிரே வந்துவிட்டது.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சொர்ணம் பாதி வாக்கியத்தில் நின்றுபோவாளே.

இரண்டரை மணி நேரம் சொன்னேன். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தேன், இரண்டு. எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகிறது.

ஜூன் 20, வியாழன்

சம்மதம் வந்துவிட்டது. தலைப்பு 'மண்டபம்'. என் பெயரைக் கொஞ்சம் நவீனமாக வைத்துக்கொள்ளலாமா என்று சேனலில் ஒருவர் கேட்டார். "பேய்ப்படம்னு நினைச்சாலும் பரவால்ல சார், இதே பேர்தான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

கதை, திரைக்கதை, வசனம்: இசக்கியம்மாள். மூன்று வினாடி. இவர் டிவியை நிறுத்தி வைத்துப் படம் எடுத்து, எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தில் ஒருவர் விடாமல் அனுப்பினார்.

அந்த ஆள் பார்த்திருப்பாரா? அந்த மூன்று வினாடியும் என் மனதில் ஓடியது இது ஒன்றுதான்.

இப்போது வேலையை அப்படி விரும்பிச் செய்கிறேன். காலை ஆறு மணிக்கு எழுத உட்கார்ந்தால் இட்லி வெந்து கல்லாவது தெரிவதில்லை. நடிகர்களிடம் காட்சியை நானே நடித்துச் சொல்கிறேன். போன வாரம் ஒரு நடிகை, "மேடம், நீங்க சொல்றதைக் கேட்டாலே அழுகை வருது" என்றாள்.

நவம்பர் 12, செவ்வாய்

வரதன் அண்ணன் வந்திருந்தார். 'நாச்சியார்' முடிந்துவிட்டதாம். ஜெகவீரன் கையில் ஒரு சீரியலும் இல்லையாம். எழுதப் புதிதாக வைத்த இரண்டு ஆட்களும் நிற்கவில்லை.

"ஒரு எபிசோடாவது குடுத்தா நல்லாருக்கும்னு கேக்கறார்மா. உன்கிட்ட நேரா கேக்க வெக்கம்."

ஆறு மாதமாக இந்த வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தேன் போல. காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். "ஒரு சீன் எழுதிட்டு வரச் சொல்லுங்கண்ணே. அவரே எழுதணும், அவர் கையால" என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

வந்தார். மெலிந்திருக்கிறார். எனக்கு எதிரில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். குஷன் நாற்காலியைக் காலையிலேயே நான்தான் உள்ளே எடுத்துப் போட்டிருந்தேன்.

ஆறு பக்கம். அடித்து அடித்து எழுதியிருந்தார். சில இடங்களில் ஒரே சொல் மூன்று தடவை எழுதி அடிக்கப்பட்டிருந்தது. கல்யாணம் நின்றுபோன பிறகு பெண்ணின் அப்பா காலி மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சி. ஐந்தரைப் பக்கத்துக்கு அந்தப் பாவப்பட்ட மனிதர் விதியையும் கடவுளையும் கூப்பிட்டுப் புலம்புகிறார்.

"கை பழகல" என்றார். "முன்னாடி ஒரு படம் எழுதினேன். தியேட்டர்ல நான் அழுது எழுதின சீனுக்கு ஜனங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் பேனாவைத் தொட பயம். அப்பத்தான் நீ வந்த."

பாவம் என்று எழுத வந்தது. எழுதப் போவதில்லை. தன் பயத்துக்கு என்னைக் காவலுக்கு வைத்த மனிதர். நான் பேசப் பழகிவிட்டால் அவர் எழுத வேண்டியிருக்குமே!

"ஒரு எழுத்தையும் மாத்தாம எடுக்கச் சொல்றேன் சார். டைட்டில்ல உங்க பேரைப் பெருசா போடுவோம்" என்றேன்.

அவர் கண் கலங்கி என்னைக் கும்பிட்டார். நன்றி என்று நினைத்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் எழுதியது அவர் பெயரிலேயே ஊருக்குத் தெரியட்டும். இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

ஆறாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி. மண்டபத்தைக் காலி செய்யச் சொல்ல வந்த சொர்ணத்திடம் அந்த அப்பா சொல்கிறார்: 'போட்ட இலையை எடுக்கச் சொல்லாதம்மா. ஒருத்தராவது வந்து உக்காந்துட்டுப் போகட்டும்.'

அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று நானே சொல்லித் தொலைத்துவிட்டேனே. வைத்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

நேற்று ஒளிபரப்பானது. 'இன்றைய வசனம்: ஜெகவீரன்'. நான் நினைத்ததுபோலவே கமெண்டில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தூக்கம் வருது, பழைய நாடகமா, இசக்கியம்மாளுக்கு என்ன ஆச்சு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

காலையில் வைஷாலி மேடம் கூப்பிட்டார். "சீன் ரொம்ப இழுவை. ஆனா கடைசில அந்த இலை வசனம் இருக்கே, எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. நானே ரெண்டு தடவை திரும்பப் போட்டுப் பாத்தேன். அது நீங்க சேர்த்ததுதானே? அவரால அப்படி எழுதவே முடியாது."

ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"ஹலோ? இசக்கி? உங்களுதுதானே?"

ஆமாம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். யாருக்கும் சந்தேகம் வராது. அவரே மறுத்துச் சொன்னாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பன்னிரண்டு வருஷமும் அவர் ஒவ்வொரு முறை செய்ததும் இந்த ஒரு வினாடி வேலைதான். எவ்வளவு சுலபம் என்று எனக்கு இதுவரை தெரியாது. வாயில் அந்தச் சொல் வந்தும்விட்டது.

"இல்ல மேடம்" என்றேன். "அது அவர் எழுதினது."

என்னைப் பற்றி அவர் ஒரு தடவையாவது சொல்லுவார் என்று நான் காத்துக் கிடந்த வாக்கியம் அது. கடைசியில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் அவருக்காக. வயிறு எரிந்தது. ஃபோனை வைத்துவிட்டு, இவர் பார்க்கப் பார்க்கவே, சத்தம் போட்டு அழுதேன்.